கையெழுத்து வைக்க முன்னர்: வீதி விபத்தும் நமது உரிமையும்

(வண்ணாத்திவில்லு கிளைக் கூட்டத்தில் சங்கத்தின் சட்ட உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், ஈ.பி.எப்., வேலை நாள் ஆகியவற்றைப் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாக இங்கே கூடுகிறோம். இன்றைக்கு வீதி விபத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வேலைக்குப் போகவும் வேலை முடிந்து வீடு திரும்பவும் புத்தளம் – எழுவன்குளம் வீதியைத்தான் நம்பி இருக்கிறோம். தேங்காய் லொறி, மண் டிப்பர், கொழும்பிலிருந்து வில்பத்து பார்க்க வரும் வான், நமது சைக்கிள் எல்லாமே அதே வீதியில்தான் ஓடுகின்றன. இருட்டினால் பல இடங்களில் விளக்கில்லை. போதாக்குறைக்கு யானையும் வரும்.

முதலில் நமது அங்கத்தவரான ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறோம். பெயரைச் சொல்லாமல் கதையைச் சொல்லுங்கள், மற்றவர்களுக்காவது உதவட்டும் என்று அவரே அனுமதி தந்தார்.

கஜு பொறுக்கும் காலம். வேலை முடிந்து பன்னிரண்டு பேரைத் தோட்டத்து ட்ரக்டரின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பெட்டியின் பின்பக்கம் விளக்கில்லை. வேகமாக வந்த வான் ஒன்று பின்னால் மோதியது. அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. வான் சொந்தக்காரர் கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்தார், பழம் கொண்டுவந்தார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். மூன்றாவது தரம் ஒரு கடதாசியும் 25,000 ரூபாவும் கொண்டுவந்தார். கடதாசி சிங்களத்தில் இருந்தது. அக்காவின் கணவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். வீட்டில் அன்றைக்கு அரிசி வாங்கவும் காசில்லை. அந்த மனிதரில் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது.

இந்த விபத்து தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றுதான் அந்தக் கடதாசியில் எழுதியிருந்தது.

ஏழு மாதம் போன பிறகும் அக்காவால் குந்தி இருக்க முடியவில்லை. குந்த முடியாவிட்டால் கஜு பொறுக்க முடியாது. 25,000 ரூபா முதல் மாதத்திலேயே கரைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர்கள் சங்கத்துக்கு வந்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு இன்னும் ஒரு வழி திறந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம். விபத்து நடந்த முதல் சில நாட்களில் நாம் சொல்வதும், சொல்லாமல் விடுவதும், கையெழுத்து வைப்பதும்தான் பின்னால் வரும் பல வருடங்களைத் தீர்மானிக்கின்றன. இன்றைய பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான்.

மூன்று வழிகள்

விபத்து நடந்தால் நம்மவர்கள், பொலிஸ் வந்து எழுதிவிட்டது, கேஸ் நடக்கிறது, காசு வரும் என்று காத்திருக்கிறார்கள். பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது. ஒரு விபத்திலிருந்து மூன்று தனித்தனி வழிகள் பிரிகின்றன. ஒன்று போகும் இடத்துக்கு மற்றது போகாது.

முதலாவது, குற்ற வழக்கு. பொலிஸ் சாரதிக்கு எதிராக நீதவான் நீதிமன்றத்தில் போடும் வழக்கு. கவனயீனமாக வாகனம் ஓட்டி ஒருவருக்கு மரணம் ஏற்படுத்தினால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் 5 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். காயம் ஏற்படுத்தினால் வேறு பிரிவுகள் உண்டு. சாரதியைத் தண்டிப்பதுதான் இந்த வழக்கின் நோக்கம். குற்றவாளியாகக் கண்டால் நீதவான் ஒரு தொகையை நட்டஈடாகக் கொடுக்கச் சொல்லலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் உழைப்பு நின்றுபோனதற்கு அது ஈடாகாது.

இரண்டாவது, சிவில் வழக்கு. மாவட்ட நீதிமன்றத்தில் நாமே போட வேண்டிய வழக்கு. நமக்கு ஏற்பட்ட இழப்பைச் சாரதியிடமும், வாகனத்தின் சொந்தக்காரரிடமும், அவர்களுடைய காப்புறுதி நிறுவனத்திடமும் பெறுவதற்கான வழி இது. இதைப் பொலிஸ் நமக்காகச் செய்யாது.

மூன்றாவது, வேலையாட்கள் நட்டஈடு. வேலை சம்பந்தமான விபத்தென்றால் நமது முதலாளியிடமிருந்து பெறும் உரிமை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதைத் தருகிறது. நமது பாட்டன் காலத்துச் சட்டம். ஆனால் தோட்டங்களில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்றைக்கும் குறைவு.

முதல் ஒரு மணித்தியாலம்

விபத்து நடந்த இடத்தில் முதலில் உயிரைப் பார்க்க வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸுக்கு 119. முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரை நாலு பேர் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடித்துப் போடாதீர்கள். எலும்பு முறிவோடு வந்தவர் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடப்பதற்கு அதுவே காரணமாகிவிடலாம்.

மோட்டார் வாகனச் சட்டப்படி சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பெயர் விலாசம் கொடுக்க வேண்டும், பொலிஸில் அறிவிக்க வேண்டும். நிறுத்தாமல் ஓடுவது தனிக் குற்றம். ஆனால் நின்ற சாரதியை நாம் அடிக்கப் போனால் அடுத்த சாரதி நிற்க மாட்டான். கோபம் வரும், அது நமக்கும் தெரியும். கை நீட்டினால் வழக்கு நம் பிள்ளைகள் மேல் திரும்பும்.

கையில் போன் இருக்கிறவர் உடனே படம் எடுங்கள். இலக்கத் தகடு, இரண்டு வாகனமும் நின்ற நிலை, வீதியில் டயர் இழுத்த அடையாளம், உடைந்த விளக்கு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டும். போன் இல்லையென்றால் வாகன இலக்கத்தையாவது மனப்பாடம் செய்யுங்கள். அந்த இலக்கம் இருந்தால் பதிவு செய்த சொந்தக்காரர் யார் என்று மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறியலாம். கண்ணால் கண்டவர்கள் இரண்டு பேரின் பெயரையும் போன் இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நூறு பேர் கூடுவார்கள். ஒரு மாதம் கழித்துத் தேடினால் ஒருவரும் இருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எப்படி நடந்தது என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். முதலாளிக்குப் பிரச்சினை வரக்கூடாதென்று, மரத்திலிருந்து விழுந்தேன், கிணற்றடியில் வழுக்கினேன் என்று சொல்லும் ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு வரி பின்னர் நமக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். வாகன விபத்து என்று சொன்னால் சட்ட வைத்தியப் பரிசோதனை நடக்கும், அதற்குரிய படிவம் நிரப்பப்படும். காயம் சாதாரணமா, பாரதூரமா என்று அதில்தான் பதிவாகும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் காட்டைப் பத்திரமாக வையுங்கள். எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, ஆட்டோவுக்குக் கொடுத்த காசின் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

பொலிஸ் வாக்குமூலம் எடுக்க வரும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. எனது வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். சொல்லாத விடயம் அதில் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பாளி யார்?

நட்டஈடு பற்றிய நமது சட்டம் உரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்தது. அதன் அடிப்படை எளிது. எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் ஒருவர் மற்றவருக்கு நட்டம் ஏற்படுத்தினால், அந்த நட்டத்தை அவர் நிரப்ப வேண்டும். கவனயீனத்தை நிரூபிக்கும் பாரம் நம் மேல்தான் இருக்கிறது. படமும் சாட்சியும் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

சாரதியிடம் காசில்லை என்று யோசிக்க வேண்டாம். ஒருவர் முதலாளிக்காக, வேலையின் போக்கில் வாகனம் ஓட்டும்போது விபத்து நடந்தால் முதலாளியும் பொறுப்பாளி. தேங்காய் ஏற்றப் போன லொறி மோதினால் லொறி முதலாளியும் பதில் சொல்ல வேண்டும். அரச திணைக்களத்தின் வாகனம் என்றால் வழக்குப் போட ஒரு மாதத்துக்கு முன்னரே முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் வழக்கே நிற்காமல் போகலாம்.

சில விபத்துகளில் ஒருவர் மட்டும் பிழைகாரர் அல்ல. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன தனியார் பஸ், பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினான்கு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். தாயையும் தகப்பனையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து மலையகம் முழுவதும் அழுதது. எதிரே வந்த டிப்பரின் சாரதி கைது செய்யப்பட்டார். வீதியில் பாதியை மறித்துக் கிடந்த பாறையைப் பற்றி நாடே பேசியது. பஸ்ஸா, டிப்பரா, பாறையை அகற்றாமல் விட்டவர்களா? ஒரு விபத்து நடந்தால் இப்படித்தான் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டம் அதற்கு இடம் தருகிறது. இரண்டு பேரின் பிழையால் நமக்குக் காயம் என்றால் இரண்டு பேரையும் வழக்கில் சேர்க்கலாம். ஆளுக்கு எவ்வளவு என்பதை அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள். அக்காவின் கதையில் வான் மட்டும் பிழை இல்லை. விளக்கில்லாத பெட்டியில் ஆட்களை ஏற்றி இருட்டில் வீதிக்கு விட்டதும் பிழைதான். வான்காரர் பழத்தோடு வந்ததால் நம்மவர்கள் மற்றப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

நம் பக்கமும் பிழை இருந்தால்? இருட்டில் விளக்கில்லாத சைக்கிளில் போனோம், ஹெல்மட் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். உன்னிலும் பிழை இருக்கிறது, ஒரு சதமும் கிடைக்காது என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். நம்ப வேண்டாம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நமது பிழைக்கேற்ற பங்கு மட்டும்தான் குறையும். நட்டம் 8 இலட்சம், நம் பிழை நாலில் ஒன்று என்று நீதிமன்றம் கண்டால் 6 இலட்சம் கிடைக்க வேண்டும்.

காப்புறுதி

வீதியில் ஓடும் மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மூன்றாம் தரப்பு என்றால் நாம்தான். வாகனத்தால் அடிபட்டவருக்காகவே அந்தக் காப்புறுதி. நம்மவர்கள் இதை வாகனச் சொந்தக்காரரின் சொந்தக் காசு என்று நினைத்து, பாவம் அந்த மனிதர் எங்கே போவார் என்று இரங்குகிறார்கள். அவர் அதற்காக வருடாவருடம் தவணைக் காசு கட்டி வைத்திருக்கிறார். நாம் கேட்காவிட்டால் இலாபம் காப்புறுதி நிறுவனத்துக்குத்தான்.

வழக்குப் போடுவதற்கு முன்னரோ, போட்டு 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் வழக்கில் வென்றும் அந்த நிறுவனத்திடம் காசு பெற முடியாமல் போகும். சட்டத்தரணியிடம் முதல் நாளே, காப்புறுதிக்கு அறிவித்தல் அனுப்புகிறீர்களா என்று கேளுங்கள். சாமான் ஏற்றும் வாகனத்தில் ஆட்கள் ஏறியிருந்தால் காப்புறுதி நிறுவனம் அதையே காரணம் காட்டி மறுக்கப் பார்க்கும். பெட்டியில் ஆட்களை ஏற்ற வேண்டாம் என்று தோட்ட நிர்வாகத்திடம் நாம் சண்டை பிடிப்பதற்கு உயிர் முதல் காரணம், இது இரண்டாவது காரணம்.

இடித்துவிட்டு ஓடிய வாகனம் யாருடையது என்றே தெரியாவிட்டால், தேசிய வீதிப் பாதுகாப்பு சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் முறைப்பாடும் ஆஸ்பத்திரிப் பதிவும் வேண்டும். வாகனம் ஓடிவிட்டது, யாரிடம் போய் முறையிடுவது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வேலைக்குப் போகும் வழியும் வேலைதான்

இப்போது அக்காவுக்குத் திறந்திருந்த வழிக்கு வருவோம்.

முன்னர் வேலைத்தலத்தில் காயப்பட்டால்தான் முதலாளி பொறுப்பு என்ற நிலை இருந்தது. 2022இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் நட்டஈடு உண்டு என்று சேர்த்தார்கள். அதியுயர் தொகையும் 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. சம்பளத்தையும் இழப்பின் அளவையும் பார்த்து அதற்குள் தொகை கணக்கிடப்படும்.

இந்த வழியில் முதலாளி பிழை செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக விபத்து என்றாலே போதும். நீ நிரந்தர வேலையாள் இல்லை, கைக்காசுக்கு வந்தவள் என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். தோட்டத்தின் தொழிலுக்காக வேலை செய்தவருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. கொந்தராத்துக்காரர் ஊடாக வேலைக்கு வந்திருந்தாலும் தோட்டம் கையைக் கழுவிவிட முடியாது.

நீங்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இந்தச் சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. முதலாளியுடன் உடன்பாட்டுக்கு வந்தால் அந்த உடன்பாடு நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொழிலாளி இறந்துபோனால் நட்டஈட்டுப் பணத்தை முதலாளி ஆணையாளரிடம்தான் வைப்பிலிட வேண்டும். தோட்டக் கந்தோரில் கவரில் போட்டுக் கொடுத்து முடிக்கும் காரியம் அல்ல.

அக்காவின் கணவர் வான்காரரின் கடதாசியில்தான் கையெழுத்து வைத்திருந்தார். வான் பக்கத்து வழி அதனால் மிகவும் ஒடுங்கிப்போனது. முதலாளி பக்கத்து வழி மூடவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது தோட்டத்து வாகனத்தில்தான் விபத்து. செக்ரோலில் அன்றைய நாளுக்குப் பெயர் இருந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா உண்மையைச் சொல்லியிருந்தார். இந்த இரண்டு பதிவையும் பிடித்துக்கொண்டு ஆணையாளரிடம் விண்ணப்பம் போட்டோம். விசாரணை நடக்கிறது. வென்றுவிட்டோம் என்று இன்றைக்கு உங்களிடம் சொல்ல மாட்டோம். முடிவு வந்ததும் இதே மடலில் எழுதுவோம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே காயத்துக்காக முதலாளியிடம் ஆணையாளர் ஊடாகவும் மாவட்ட நீதிமன்றம் ஊடாகவும் இரண்டு தரம் கேட்க முடியாது. எந்த வழியில் போவது என்று சட்டத்தரணியிடம் கேட்ட பிறகே முதல் படிவத்தை நிரப்புங்கள். குடிபோதையில் நடந்த விபத்துக்குக் காய நட்டஈடு மறுக்கப்படலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

உயிர் போய்விட்டால்

சொல்ல நாக் கூசுகிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

விபத்தில் ஒருவர் இறந்தால் திடீர் மரண விசாரணை நடக்கும், பிரேத பரிசோதனை நடக்கும். நேரத்தோடு அடக்கம் செய்ய வேண்டும் என்று எந்தச் சமயத்தவருக்கும் மனம் துடிக்கும். அந்த விசாரணையில் சொல்லப்படும் காரணம்தான் பின்னர் எல்லா இடத்திலும் கேட்கப்படும். குடும்பத்தில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் அங்கே இருக்க வேண்டும். எங்கே போய்க்கொண்டிருந்தார், வேலைக்கா, வேலை முடிந்தா என்பது பதிவாக வேண்டும்.

2001இல் உயர் நீதிமன்றம் ஒரு பிரபலமான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மருத்துவக் கவனயீனத்தால் இறந்த ஒரு சிறு பிள்ளையின் வழக்கு அது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்குப் பெற்றோர் நட்டஈடு கேட்க நமது சட்டத்தில் இடமில்லை, பணமாகக் கணக்கிடக்கூடிய இழப்புக்கு மட்டுமே இடமுண்டு என்று நீதிமன்றம் கண்டது. உழைக்காத பிள்ளையின் உயிருக்கு விலையே இல்லையா என்று பலரும் கேட்டார்கள். 2019இல் பாராளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. கவனயீனத்தால் மரணம் நடந்தால், நெருங்கிய உறவினர் அந்த அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்கும் நட்டஈடு கேட்கலாம். வீட்டில் சமைத்துப் பிள்ளை பார்த்த தாய் இறந்தால், அவர் உழைக்கவில்லையே என்று இனி யாரும் வாயடைக்க முடியாது.

உழைத்தவர் இறந்தால் அவர் கொண்டுவந்த சம்பளமும் கணக்கில் வரும். சம்பளத் துண்டையும் ஈ.பி.எப். பதிவையும் எறிந்துவிடாதீர்கள். ஈ.பி.எப்., ஈ.டி.எப். பணம் குடும்பத்துக்கு வேறாகச் சேர வேண்டியது. நட்டஈடு கிடைத்தது என்பதற்காக அதை விட வேண்டியதில்லை.

இரண்டு வருடம்

காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி சிவில் வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் வாசல் மூடிவிடும். நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று பலர் இருக்கிறார்கள். அந்த வழக்கு மூன்று வருடம், நாலு வருடம் இழுபடலாம். அது முடியும்போது நமது 2 வருடம் போய்விட்டிருக்கும். இரண்டையும் ஒரே காலத்தில் நடத்தலாம்.

வழக்குப் பேசக் காசில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அது சட்டத்தரணியை ஏற்பாடு செய்து தரும். மத்தியஸ்த சபையில் பேசித் தீர்ப்பதும் தப்பில்லை. ஆனால் அங்கே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தொகை சரியில்லை என்றால் உடன்படவில்லை என்று சொல்லி எழுந்து வாருங்கள்.

சமாதானமாகப் போவதற்கு நாம் எதிரி அல்ல. காயம் முழுமையாக ஆறி, இனி வேலை செய்ய முடியுமா முடியாதா என்று டொக்டர் சொன்ன பிறகு பேசுங்கள். மூன்றாம் நாள் பேசினால் முழங்காலின் விலை யாருக்குத் தெரியும்? அவசரத்துக்குக் காசு தந்தால் வாங்கலாம். ஆனால், வைத்தியச் செலவுக்கு இவ்வளவு பெற்றேன் என்று மட்டும் எழுதுங்கள். இத்துடன் முடிந்தது என்ற சொல் எந்த மொழியில் இருந்தாலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

நம்மில் சாரதிகளாக இருப்பவர்களுக்கு

ட்ரக்டர், லொறி, ஆட்டோ ஓட்டும் தம்பிமாரும் இங்கே இருக்கிறார்கள். உங்களுக்கும் சொல்ல வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் ட்ரக்டரை எடு என்று மேற்பார்வையாளர் சொன்னால் எடுக்காதீர்கள். நட்டஈட்டுக்கு முதலாளி பொறுப்பாகலாம். ஆனால் மறியலுக்குப் போவது நீங்கள்தான். துரை சொன்னார் என்பது நீதவானுக்கு முன்னால் விடையாகாது. பிரேக் பிடிக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் எழுத்தில் அறிவித்து, அதன் பிரதி ஒன்றைச் சங்கத்துக்குத் தாருங்கள். விபத்து நடந்தால் ஓடாதீர்கள். நின்று உதவுங்கள், பொலிஸுக்குப் போங்கள், உடனே நம்மைக் கூப்பிடுங்கள். அடிபட்டவரும் தொழிலாளி, அடித்தவரும் தொழிலாளி என்றால் சங்கம் இரண்டு பேருக்கும் துணை நிற்கும். பொய் சொல்வதற்கு மட்டும் துணை நிற்காது.

நமது கோரிக்கைகள்

கடல் கடந்து தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே வீதி விபத்து நட்டஈட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. இடித்துவிட்டு ஓடிய வாகனத்தால் மரணம் என்றால் 2 இலட்சம் இந்திய ரூபா, பாரதூரமான காயம் என்றால் 50,000 ரூபா என்று 2022 ஏப்ரல் முதல் இந்தியா முழுவதற்கும் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். இங்கே கால் முறிந்த கஜுத் தொழிலாளி, காணி வழக்கும் கடன் வழக்கும் நிறைந்த மாவட்ட நீதிமன்றத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நமக்கும் ஒரு தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கம் மேலே கொண்டுபோக வேண்டும் என்று இந்தக் கிளை தீர்மானிக்க வேண்டுகிறோம்.

அதற்கு முன்னர் இங்கேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆட்களை ஏற்ற ஆட்கள் ஏற்றும் வாகனம் வேண்டும். அது வரும்வரை பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளி தெறிக்கும் பட்டியும் வேண்டும். ஒரு விளக்கின் விலையோடு அக்காவின் காலை ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் நிர்வாகத்துக்குக் கொடுக்கப்போகும் கடிதத்தில் முதல் கோரிக்கை இதுதான். கூட்டம் முடிந்து போகும்போது எல்லோரும் அதில் கையெழுத்து வையுங்கள். தமிழில் எழுதியிருக்கிறோம். வாசித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.